லீவுக்கு வரும் பேத்திகளுக்குப் புது சைக்கிள்: எந்த அளவு வாங்குவது?

அறந்தாங்கி அப்பாயி | ஏப்ரல் 18, காலை 6.40

எல்லோருக்கும் வணக்கம். மகன் குடும்பம் பெங்களூரில் இருக்கிறது. மே முதல் வாரம் பேத்திகள் இருவரும் லீவுக்கு இங்கே வருகிறார்கள், இருபத்தைந்து நாள் இருப்பார்கள். பெரியவளுக்கு ஒன்பது முடிந்துவிட்டது, சின்னவளுக்கு ஆறு. இரண்டு பேருக்கும் சைக்கிள் ஓட்டத் தெரியாது. அங்கே அடுக்குமாடி வீடு. கார் நிற்கும் இடத்தில் பிள்ளைகள் ஓட்டக் கூடாதாம், வெளியே அந்தச் சாலையில் விடவும் முடியாது.

இந்தத் தடவை ஆளுக்கொரு புது சைக்கிள் வாங்கிக் கொடுத்து, ஓட்டவும் கற்றுக்கொடுத்து அனுப்புவது என்று நானும் அவர்கள் தாத்தாவும் முடிவு செய்துவிட்டோம். எனக்கு இதில் பிடிவாதம் அதிகம். நான் சைக்கிள் கற்றதே கல்யாணமாகி, மகன் பிறந்த பிறகுதான். 1991, 92இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் அறிவொளி இயக்கம் நடந்தபோது ஷீலா ராணி சுங்கத் அம்மா கலெக்டராக இருந்தார். பெண்கள் சைக்கிள் ஓட்ட வேண்டும் என்று அவர் முன்னால் நின்று சொன்னதால்தான் எங்கள் வீட்டிலும் விட்டார்கள். சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்தில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒருத்தியை ஒருத்தி பிடித்துவிட்டுக் கற்றோம். லேடீஸ் சைக்கிள் யாரிடம் இருந்தது? புருஷன் வண்டி, அண்ணன் வண்டி, எல்லாம் பார் வைத்தவை. பழகிய பிறகு பார் வண்டியே வசதியாகிவிட்டது. முன்னால் பாரில் மகன், பின்னால் கேரியரில் தண்ணீர்க் குடம். அந்த மகனின் பிள்ளைகளுக்குத்தான் இப்போது வாங்கப் போகிறேன்.

கடைக்காரர் பெரியவளுக்கு 24 இஞ்ச், சின்னவளுக்கு 20 இஞ்ச் எடுங்கள், நாலு வருஷத்துக்குக் கவலையில்லை என்கிறார். அது சரியா? சைடு வீல் போடலாமா? மகள் வீட்டுப் பேரனும் இதே ஊரில்தான் இருக்கிறான், எட்டு வயது, அவனுக்கு ஓட்டத் தெரியும். அவனிடம் பழைய சைக்கிள் ஒன்று இருக்கிறது. அவனுக்கும் வாங்க வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதினைஞ்சாம் நம்பர் ஸ்பேனர் | ஏப்ரல் 18, காலை 9.15

அம்மா, திருச்சியில் இருபத்திரண்டு வருஷமாகச் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். முதல் வேலையாக அந்த "நாலு வருஷத்துக்கு" என்ற கணக்கை விட்டுவிடுங்கள். பாவாடை சட்டையை வளரும் என்று பெரிதாகத் தைக்கலாம், கற்றுக்கொள்ளும் பிள்ளைக்குச் சைக்கிளை அப்படி எடுக்கக் கூடாது. கால் தரையில் ஊன்றாவிட்டால் பயம் போகாது, பயம் போகாவிட்டால் கற்க முடியாது. பெரிதாக வாங்கி, இரண்டு நாள் ஓட்டிப் பார்த்து, பயந்துபோய் மூலையில் சாத்திய வண்டிகள் எத்தனையோ என் கடைக்கு விற்க வந்திருக்கின்றன. புது டயரில் நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் மயிர்கூட உதிர்ந்திருக்காது.

வயதைப் பார்க்காதீர்கள், காலை அளக்கச் சொல்லுங்கள். மருமகளிடம் போனில் சொல்லிவிட்டால் போதும். பிள்ளை செருப்பில்லாமல் சுவரில் முதுகு ஒட்டி நிற்கட்டும். ஒரு நோட்டுப் புத்தகத்தை இரண்டு காலுக்கும் நடுவில் வைத்து, சீட்டில் உட்காருவது போல மேலே தூக்கி, புத்தகத்தின் மேல் விளிம்பு சுவரில் படும் இடத்தில் பென்சிலால் கோடு. தரையிலிருந்து அந்தக் கோடு வரை எத்தனை சென்டிமீட்டர் என்று எழுதி வாங்குங்கள். கடையில் சீட்டைக் கடைசி வரை இறக்கச் சொல்லி, தரையிலிருந்து சீட்டின் மேல்பக்கம் வரை டேப் பிடியுங்கள். அது கால் அளவைவிட ஒன்றிரண்டு சென்டிமீட்டர் குறைவாக இருந்தால் எடுக்கலாம். கூடுதலாக இருந்தால் எவ்வளவு அழகான வண்டியாக இருந்தாலும் வேண்டாம்.

20 இஞ்ச், 24 இஞ்ச் என்பதெல்லாம் சக்கரத்தின் அளவு, வண்டியின் உயரம் இல்லை. ஒரே 20 இஞ்சிலேயே கம்பெனிக்குக் கம்பெனி சீட் உயரம் மாறும். டேப் எடுத்துக்கொண்டு போங்கள், கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இன்னும் இரண்டு விஷயம். பிரேக் லீவரைப் பிள்ளையின் விரல் எட்ட வேண்டும். லீவரிலேயே சின்னத் திருகு இருக்கும், அதைத் திருகினால் லீவர் கைப்பிடிக்குப் பக்கமாக வரும். ஹேண்டில்பார் முனையில் ரப்பர் முழுதாக மூடியிருக்கிறதா என்று பாருங்கள். ரப்பர் கிழிந்து குழாய் வெளியே தெரிந்தால், விழும்போது வயிற்றில் குத்தும். முழங்கால் சிராய்ப்பு ஒரு வாரத்தில் ஆறிவிடும், இது அப்படி இல்லை.

இரண்டு பிள்ளை அம்மா | ஏப்ரல் 18, மதியம் 1.20

அப்பாயி, உங்கள் மருமகள் இடத்தில் இருந்து ஒன்று சொல்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். வாங்குங்கள், கட்டாயம் வாங்குங்கள். ஆனால் முன்கூட்டியே சொல்லிவிட்டு வாங்குங்கள். எங்கள் வீட்டில் போன வருஷம் மாமனார் சொல்லாமல் வாங்கி வைத்திருந்தார். மகனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கிளம்பும் நாளில் அதை ரயிலில் கொண்டுபோயே ஆக வேண்டும் என்று ஒரே அழுகை. கொண்டுபோனால் வைக்க இடமில்லை. கடைசியில் "வேண்டாம்" என்று சொன்ன ஆள் நான் ஒருத்திதான். அன்றைக்கு மாமனார் முகத்தையும் பார்க்க முடியவில்லை, மகன் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

முதலிலேயே "இது தாத்தா வீட்டு சைக்கிள், இங்கேதான் இருக்கும்" என்று பெரியவர்கள் எல்லோரும் ஒரே பேச்சாகச் சொல்லியிருந்தால் அந்த அழுகை வந்திருக்காது. ஹெல்மெட்டை மட்டும் மருமகளை வாங்கி வரச் சொல்லுங்கள். தலைக்குப் போட்டுப் பார்த்து வாங்க வேண்டிய பொருள் அது.

கூடவே வளர்ந்தவன் | ஏப்ரல் 18, இரவு 10.50

நான் இங்கே படிப்பதோடு சரி, எழுதுவதில்லை. அந்த எட்டு வயதுப் பேரனுக்காக எழுதுகிறேன்.

நான் தாத்தா வீட்டிலேயே வளர்ந்தவன். ஒரு லீவுக்கு மும்பையிலிருந்து மாமா பிள்ளைகள் வந்தார்கள். தாத்தா அவர்களுக்குச் சிவப்பு நிறத்தில் புது சைக்கிள் வாங்கினார். பெல், முன்னால் கூடை, ஸ்போக்ஸில் வண்ணமணி எல்லாம் வைத்தது. ஒரு மாதம் அவர்களுக்குப் பின்னால் ஓடி, பிடித்து, தள்ளிவிட்டது நான்தான். அவர்கள் போன மறுநாள் தாத்தா அதற்குச் சாக்கு சுற்றிப் பரணில் ஏற்றிவிட்டார். "அடுத்த வருஷம் அதுங்க வந்தா வேணும்ல" என்றார். அவர் என்மேல் உயிராக இருந்தார், அதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை வரும் பிள்ளைகளுக்கு எதையாவது செய்துவிட வேண்டும் என்ற தவிப்பு அவருக்கு. ஆனால் பரணுக்குக் கீழே படுத்து அந்தச் சாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு இன்னும் மறக்கவில்லை. மாமா பிள்ளைகள் அடுத்த வருஷம் வரவும் இல்லை. மூன்றாவது வருஷம் இறக்கியபோது டயர் வெடித்திருந்தது.

பேரனுக்கும் புதிது வாங்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்கள் போன பிறகு அந்தச் சைக்கிளை அவன் தொடலாமா கூடாதா என்பதை இப்போதே முடிவு செய்துவிடுங்கள் அம்மா.

அறந்தாங்கி அப்பாயி | ஏப்ரல் 19, காலை 5.55

தம்பி, உங்கள் பதிவை இரவே படித்துவிட்டேன். பேத்திகளின் தாத்தாவுக்கும் வாசித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் வாசலுக்குப் போய் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். காலையில் எழுந்ததும், "சைக்கிள் நம்ம வீட்டோடது. யார் இருக்காங்களோ அவங்க ஓட்டட்டும்" என்றார். அப்படியே செய்கிறோம். பேரனுடைய பழைய வண்டிக்கு இரண்டு டயரும் சீட்டும் புதிதாக மாற்றி, ஓவராயில் பண்ணித் தரச் சொல்லியிருக்கிறேன்.

மருமகளிடமும் பேசிவிட்டேன். கால் அளவு பெரியவளுக்கு 60, சின்னவளுக்கு 51.

அம்மம்மா வீடு, கொக்குவில் | ஏப்ரல் 19, காலை 11.30

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கட மகளின் பிள்ளைகள் ரொறன்ரோவில். இரண்டு வருசத்துக்கு ஒருக்கால் வருவார்கள். போன முறை வந்தபோது இரண்டு லுமாலா சைக்கிள் வாங்கினோம். இப்போது அயல் வீட்டுப் பிள்ளைகள்தான் அதில் ரியூசனுக்குப் போய் வருகிறார்கள். ஓடிக்கொண்டிருக்கிற சைக்கிள் பழுதாகாது, நிற்கிற சைக்கிள்தான் பழுதாகும்.

எங்கட பேரன் முதல் நாள் சைக்கிளைத் தொடவே இல்லை. ஹெல்மெட் இல்லாமல் ஏற மாட்டேன் என்றான். ஒன்ராறியோவில் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் ஹெல்மெட் போடாமல் றோட்டில் சைக்கிள் ஓடக்கூடாது என்பது சட்டம். பிறகு யாழ்ப்பாணம் ரவுணுக்குப் போய்த் தேடி வாங்கிக் கொடுத்தோம். அதைப் பார்த்த பிறகுதான், பேரப்பிள்ளைகளைப் பாரில் ஏற்றிக்கொண்டு போகும்போது நான் எவ்வளவு கவனமில்லாமல் இருந்திருக்கிறேன் என்று விளங்கியது.

அவன் கேட்டான், அம்மம்மா உங்களுக்கு எப்படி இவ்வளவு நன்றாக ஓடத் தெரியும் என்று. தொண்ணூறுகளில் பெற்றோல் இங்கே வரத் தடை. ஆசுபத்திரிக்கும் சைக்கிள், கலியாண வீட்டுக்கும் சைக்கிள், இடம்பெயர்ந்து போகும்போது வீட்டுச் சாமான் முழுக்கச் சைக்கிளில். மின்சாரமும் இல்லை, பற்றறியும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்றுவார், டைனமோவிலிருந்து வயர் இழுத்து ரேடியோவில் செய்தி கேட்போம். சுற்றுகிற கை களைத்தால் செய்தியும் நின்றுவிடும். பேரன் நம்பவில்லை. பழைய டைனமோ ஒன்று தேடி எடுத்து, ஒரு சின்ன பல்ப் பூட்டிக் காட்டினேன். அன்று பின்னேரம் முழுக்க அதைச் சுற்றிக்கொண்டே இருந்தான்.

பிளஸ் ஒன் டீச்சர் | ஏப்ரல் 19, இரவு 8.05

சின்ன விஷயம் ஒன்று. அரசுப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். ஒவ்வொரு வருஷமும் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு விலையில்லா சைக்கிள் கொடுக்கும் நாளில், சில பெண் பிள்ளைகள் புது வண்டியை உருட்டிக்கொண்டே வீட்டுக்குப் போவதைப் பார்க்கிறேன். பதினாறு வயதில் ஓட்டத் தெரியாது என்று சொல்லக் கூச்சம், விழுந்தால் யாராவது பார்ப்பார்களோ என்ற கூச்சம். ஒன்பது வயதில் கற்றுக்கொடுக்கிறீர்கள், ரொம்ப நல்லது. இன்னும் தள்ளிப் போடாதீர்கள்.

சேலம் குமரன் | ஏப்ரல் 20, காலை 7.30

சைடு வீல் பற்றி யாரும் சொல்லவில்லையே. என் மகள் ரொம்பப் பயந்தவள். சைடு வீல் இருந்ததால்தான் ஏறவே சம்மதித்தாள். போடுங்கள் அம்மா.

பதினைஞ்சாம் நம்பர் ஸ்பேனர் | ஏப்ரல் 20, காலை 9.40

குமரன் சார் சொல்வது போல ஏறுவதற்குத் தைரியம் வரும், அது உண்மைதான். ஆனால் இருபத்தைந்து நாளில் கற்க வேண்டும் என்றால் நான் போட மாட்டேன். சைடு வீல் பெடல் மிதிக்கக் கற்றுக்கொடுக்கும், பேலன்ஸைக் கற்றுக்கொடுக்காது. கஷ்டமான பாடம் பேலன்ஸ்தான்.

நான் கடையில் செய்வது இது. இரண்டு பெடலையும் கழற்றிவிடுவேன். 15ஆம் நம்பர் ஸ்பேனர் போதும். வலது பெடல் வழக்கம் போல இடப்பக்கம் சுற்றினால் கழலும், இடது பெடலுக்கு மரை தலைகீழ், வலப்பக்கம் சுற்ற வேண்டும். தெரியாமல் எதிர்ப்பக்கம் முறுக்கினால் மரை போய்விடும். பெடல் இல்லாத வண்டியில் பிள்ளை உட்கார்ந்து, இரண்டு காலாலும் தரையைத் தள்ளித் தள்ளிப் போகட்டும். இரண்டு மூன்று நாளில் தானாகவே காலைத் தூக்கிக்கொண்டு பத்துப் பதினைந்து அடி போகும். அதற்குப் பிறகு பெடலை மாட்டினால் அரை மணி நேரத்து வேலை. இது என் கண்டுபிடிப்பு இல்லை. 1817இல் ஜெர்மனியில் கார்ல் வான் டிரைஸ் செய்த முதல் இரண்டு சக்கர வண்டிக்கே பெடல் கிடையாது, காலால் தள்ளித்தான் ஓட்டினார்.

அம்மா, 51க்கு 16 இஞ்ச் எடுங்கள். 60க்கு 20 இஞ்ச். 24 வேண்டவே வேண்டாம்.

அறந்தாங்கி அப்பாயி | மே 3, இரவு 7.15

பேத்திகள் நேற்று வந்துவிட்டார்கள். 20 இஞ்ச் இங்கேயே கடையில் எடுத்தோம், டேப்பும் கையுமாகப் போய். 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்ததால் விலை கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்று கடைக்காரரே சொன்னார். சின்னவளுடையதை மகன் ஆன்லைனில் போட்டுவிட்டான். அட்டைப் பெட்டியில் பாதி மாட்டி வந்தது. அவர்கள் தாத்தாவும் பேரனும் சேர்ந்து மீதியை மாட்டினார்கள். ஆனால் ஹேண்டிலைத் திருப்பினால் கால் சக்கரத்தில் இடிக்கிறது. முன் பிரேக் கட்டை, முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்குக்குப் பின்னால், பெடல் பக்கமாக இருக்கிறது. பெரியவளுடைய வண்டியில் அது முன்னால் இருக்கிறது. மாடலே அப்படியா?

பதினைஞ்சாம் நம்பர் ஸ்பேனர் | மே 3, இரவு 7.22

ஓட்டக் கொடுக்காதீர்கள்! ஃபோர்க் பின்பக்கமாகத் திரும்பியிருக்கிறது. ஃபோர்க்கின் வளைவு முன்பக்கம் பார்க்க வேண்டும், பிரேக்கும் முன்னால் வர வேண்டும். ஹேண்டில்பார் நட்டைத் தளர்த்தி, ஃபோர்க்கை அரைச் சுற்றுத் திருப்பி, பிரேக் கேபிள் முறுக்காமல் இருக்கிறதா என்று பார்த்து மறுபடி இறுக்குங்கள். பெட்டியில் வரும் வண்டிகளில் வீட்டில் மாட்டும்போது அடிக்கடி நடக்கும் தவறு இது. நாளைக்குப் பக்கத்துக் கடையில் கொடுத்து எல்லா நட்டையும் ஒரு தடவை இறுக்கிவிடுங்கள், நூறு இருநூறு ஆகும், பரவாயில்லை.

அறந்தாங்கி அப்பாயி | மே 14, காலை 9.00

அக்னி நட்சத்திரம் என்பதால் காலை ஐந்தே முக்காலுக்கே மைதானத்துக்குப் போய்விடுகிறோம், ஏழரைக்குள் திரும்பிவிடுவோம். பேரன்தான் வாத்தியார். பெடலைக் கழற்றிவிட்டதில் சின்னவள் நாலாம் நாளே காலைத் தூக்கிவிட்டாள். ஆறாம் நாள் பெடல் போட்டோம், ஓட்டுகிறாள். எல்லைக் கல் வரை போய், இறங்கி, வண்டியைத் தூக்கித் திருப்பிவைத்து மறுபடி வருகிறாள். வளைக்க இன்னும் வரவில்லை.

பெரியவள்தான் கவலையாக இருந்தாள். தங்கை ஓட்டிவிட்டாள், எட்டு வயது அத்தை மகன் சொல்லிக்கொடுக்கிறான், இவளுக்கு வரவில்லை. ஒன்பதாம் தேதிக்குப் பிறகு மைதானத்துக்கே வர மாட்டேன் என்றாள். கால் வலி, தூக்கம் வருகிறது என்று ஒவ்வொரு நாளும் ஒரு காரணம். நானும் கட்டாயப்படுத்தவில்லை. மூன்று நாளாக மதியம் எல்லோரும் படுத்த பிறகு ஆளைக் காணோம். நேற்றுச் சாப்பிட உட்காரும்போது பார்த்தேன், இடது உள்ளங்கை முழுக்கச் சுண்ணாம்பு. முழங்கையிலும் வெள்ளை. வீட்டுக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவில் மூன்றடிச் சந்து ஒன்று இருக்கிறது, போர் மோட்டார் வைத்த இடம். மதியத்தில் அங்கே நிழல் விழும். அதற்குள் வண்டியைக் கொண்டுபோய், ஒரு கையால் சுவரைப் பிடித்துப் பிடித்துத் தள்ளிக்கொண்டே தானாகப் பழகியிருக்கிறாள். சுவரில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை அவள் கைத்தடம் இருக்கிறது. முதலில் நெருக்கமாக இருக்கிறது, மோட்டார் பக்கம் போகப் போக இடைவெளி அதிகமாகிக்கொண்டே போகிறது.

நான் பார்த்ததை அவளிடம் சொல்லவில்லை. இன்று காலை அவளே எழுந்து வந்து, "அப்பாயி, பெடலை மாட்டச் சொல்லுங்க" என்றாள்.

இரண்டு பிள்ளை அம்மா | மே 14, காலை 9.35

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்திருக்க முடியவில்லை அப்பாயி. அந்தச் சுவருக்கு இப்போதைக்கு வெள்ளை அடிக்காதீர்கள்.

கூடவே வளர்ந்தவன் | மே 14, இரவு 9.10

பேரன் வாத்தியாராக இருக்கிறான் என்று படித்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லத் தெரியவில்லை. அவன் பழைய வண்டிக்கு டயர் மாற்றியாயிற்றா?

அறந்தாங்கி அப்பாயி | மே 15, காலை 6.10

மாற்றியாயிற்று தம்பி. சீட்டும் புதிது. பெல் மட்டும் பழையதே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டான், அதில்தான் சத்தம் அதிகமாம்.

அறந்தாங்கி அப்பாயி | மே 28, மாலை 5.30

நேற்று இரவு பேத்திகள் கிளம்பிவிட்டார்கள். கடைசி நாலு நாள் நாங்கள் நால்வரும் சேர்ந்தே போனோம். அவர்கள் தாத்தாவின் பார் வண்டியை நான் எடுத்துக்கொண்டேன். ஓட்டிப் பத்து வருஷத்துக்கு மேல் இருக்கும், ஏறினதும் கால் தானாக மிதித்தது. பெரியவளுக்கு என்னை முந்திப் போகவும் பயம், பின்னால் வரவும் பிடிக்கவில்லை, பக்கத்திலேயே வந்தாள். அழுகை எதுவும் இல்லை. முதல் நாளே சொல்லி வைத்ததால் சைக்கிளைக் கேட்கவில்லை. பெரியவள் மட்டும் சீட் குழாயில், இப்போது சீட் நிற்கும் இடத்தில், அவள் அம்மாவின் நகப்பூச்சால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். தசரா லீவுக்கு வரும்போது எவ்வளவு ஏற்ற வேண்டும் என்று பார்க்கணுமாம்.

20 இஞ்ச் வண்டியைப் பேரன் ஓட்டுவான். சின்னவளுடைய 16 இஞ்சுக்கு இப்போது ஆள் இல்லை. அக்டோபர் வரை எப்படி வைப்பது?

பதினைஞ்சாம் நம்பர் ஸ்பேனர் | மே 28, இரவு 8.45

பக்கத்து வீட்டில் ஐந்தாறு வயதுப் பிள்ளை இருந்தால் கொடுத்துவிடுங்கள், கொக்குவில் அம்மா சொன்னதுதான் சரி. இல்லாவிட்டால் துடைத்து, செயினுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, வெயில் படாத இடத்தில் தொங்கவிடுங்கள். தரையில் நிறுத்தினால் டயரின் ஒரே இடத்தில் பாரம் இறங்கி வெடிப்பு வரும். காற்றைப் பிடுங்கிவிடாதீர்கள், மாதம் ஒரு தடவை பார்த்து அடியுங்கள். தேங்காய் எண்ணெய் மட்டும் செயினுக்கு வேண்டாம், பிசினாகிவிடும். தையல் மெஷின் எண்ணெய் போதும்.

அறந்தாங்கி அப்பாயி | மே 29, காலை 6.00

எதிர் வீட்டில் ஒரு பையன் இருக்கிறான், ஜூனில் ஒன்றாம் வகுப்பு போகிறான். நேற்று சாயங்காலம் கேட் பக்கம் நின்று அந்த வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். இன்று கூப்பிட்டுக் கால் அளவு எடுக்கிறேன். பெடலைக் கழற்றப் பேரனிடம் சொல்லியாயிற்று.